முதுகில் போடும் ஊசியும் கண்ணுக்குத் தெரியாத கண்ணாடியும்

முதுகில் ஊசி என்றாலே நம் ஊரில் மூன்று பயங்கள் உண்டு. ஒன்று, ஆயுசுக்கும் முதுகு வலிக்கும். இரண்டு, கால் விளங்காமல் போய்விடும். மூன்று, ஊசி உள்ளேயே முறிந்துவிடும். டீக்கடையிலிருந்து பிரசவ வார்டு வரை எங்கே கேட்டாலும் இந்த மூன்றில் ஏதாவது ஒன்றைத்தான் சொல்வார்கள். மயக்க மருந்துத் தொழில்நுட்பம் படிக்கச் சேர்ந்து, ஆப்பரேஷன் தியேட்டருக்குள் நிற்க ஆரம்பித்த பிறகு எனக்கு நாலாவதாக ஒரு பயம் வந்தது. அதைப் பற்றி வெளியில் யாரும் பேசி நான் கேட்டதில்லை. அது ஊசியைப் பற்றிய பயம் இல்லை. ஊசி வழியாக மருந்தோடு சேர்ந்து வேறு என்னென்ன உள்ளே போகிறது என்ற பயம்.

பயம் என்பது கொஞ்சம் பெரிய வார்த்தைதான். கவலை என்று வைத்துக்கொள்ளுங்களேன். ஆனால் இந்தக் கவலை என் வேலையோடு நேரடியாகச் சம்பந்தப்பட்டது. ஊசி போடுகிறவர் டாக்டர். அதற்கான டிரேயை அடுக்கி, மருந்து ஆம்பூலின் கழுத்தை உடைத்து நீட்டுகிறவர்கள் எங்களைப் போன்றவர்கள்.

இதை எழுத உட்கார்ந்ததற்குக் காரணம் என் அக்கா. அடுத்த மாதம் அவளுக்கு சிசேரியன் என்று முடிவாகியிருக்கிறது. போனில் கேட்டாள்: "ஏன்டா, முதுகுல ஊசி போட்டா அப்புறம் காலம் பூரா முதுகு வலிக்குமாமே? உங்க படிப்புல என்ன சொல்றாங்க?"

"அதெல்லாம் இல்லக்கா. ஊசி குத்தின இடத்துல ரெண்டு மூணு நாள் லேசா வலி இருக்கும். வருஷக்கணக்கா இருக்கற முதுகு வலிக்கும் இந்த ஊசிக்கும் சம்பந்தம் இல்லன்னுதான் ஆராய்ச்சியெல்லாம் சொல்லுது" என்றேன். அவளுக்கு நிம்மதி. போனை வைத்த பிறகு எனக்குத்தான் வேறு யோசனை. அன்று அவளுக்கான ஆம்பூலை உடைக்கப்போவது யார்? எப்படி உடைப்பார்?

சரி, முதலில் ஆம்பூல் என்றால் என்ன என்று பார்த்துவிடுவோம்.

சின்னக் கண்ணாடிக் குப்பி. உள்ளே ஒரு முறைக்கான மருந்து. வாய்ப்பகுதியை நெருப்பில் உருக்கி மூடியிருப்பார்கள். 1886இல் பிரான்சைச் சேர்ந்த லிமூசின் என்ற மருந்தாளர் இந்த யோசனையைக் கொண்டுவந்தார். ரப்பர் மூடி கிடையாது, திருகும் கிடையாது. அதனால் உள்ளே காற்றும் கிருமியும் போகாது. அருமையான ஏற்பாடுதான். ஒரே ஒரு சிக்கல், திறக்க வேண்டுமானால் உடைத்தே ஆக வேண்டும். கண்ணாடியை உடைத்தால் தூள் பறக்காமல் இருக்குமா? அதில் ஒரு பகுதி மருந்துக்குள்ளேயே விழுகிறது.

எங்கள் வகுப்பில் ஒரு நாள் இதைச் செய்து காட்டினார்கள். காலாவதியான ஆம்பூல்கள் ஒரு பத்து. அவற்றை ஒவ்வொன்றாக உடைத்து, உள்ளே இருந்ததை ஒரு கறுப்புத் துணியில் ஊற்றினோம். ஒன்றும் தெரியவில்லை. "இருங்கப்பா, காயட்டும்" என்றார் எங்கள் ஆசிரியர். காய்ந்த பிறகு விளக்கை அணைத்து, டார்ச்சைத் துணிக்குப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடித்தார். அங்கங்கே மினுக் மினுக்கென்று புள்ளிகள். திருவிழாவில் பொட்டிலிருந்து உதிரும் ஜிகினாத் தூள் மாதிரி. வகுப்பே அமைதியாகிவிட்டது. "இது உங்க கண்ணுக்குத் தெரியற சைஸ் மட்டும்தான்" என்றார். அன்றைக்குப் பாடம் அவ்வளவுதான்.

கண்ணுக்குத் தெரிகிற அளவு என்றால் எவ்வளவு? ஒரு மில்லிமீட்டரை ஆயிரமாகப் பிரித்தால் கிடைப்பது ஒரு மைக்ரான். நம் தலைமுடியின் பருமன் சுமார் 70 மைக்ரான். சுமார் 50 மைக்ரானுக்குக் கீழே போனால் வெறும் கண்ணுக்குத் தட்டுப்படாது. இரத்தச் சிவப்பணு 7 அல்லது 8 மைக்ரான். ஆம்பூலை உடைக்கும்போது விழும் கண்ணாடித் துகள்களோ சில மைக்ரான்களில் ஆரம்பித்து நூற்றுக்கணக்கான மைக்ரான் வரை எல்லா அளவிலும் இருக்கும். அதாவது, வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்துப் பார்த்து "சுத்தமா இருக்கு" என்று சொல்வது பாதி உண்மைதான்.

இதைப் படிக்கும்போது உங்களுக்கு ஒரு கேள்வி வரலாம். ஸ்பைனல் ஊசி ரொம்ப மெல்லியதாயிற்றே, அதில் கண்ணாடி எப்படிப் போகும்? எனக்கும் இந்தச் சந்தேகம் வந்தது. கணக்குப் போட்டுப் பார்த்தால் பதில் கிடைத்துவிடுகிறது. பரவலாகப் பயன்படுத்தும் 25 கேஜ் ஊசியின் உள்துளை சுமார் கால் மில்லிமீட்டர், அதாவது 250 மைக்ரான். 100 மைக்ரான் கண்ணாடித் துகளுக்கு அது ராஜபாட்டை. மருந்தை ஆம்பூலிலிருந்து உறிஞ்சப் பல இடங்களில் எடுக்கும் 18 கேஜ் ஊசியின் துளை இன்னும் பெரியது, 800 மைக்ரானுக்கும் மேல். வழியில் தடுப்பு எதுவுமே இல்லை.

நரம்பில் ஏற்றும் மருந்திலும் இந்தத் தொல்லை உண்டு. 1972லேயே டர்கோ, டேவிஸ் என்ற இரண்டு அமெரிக்கர்கள் இதைப் பற்றி எழுதியிருக்கிறார்கள். ஊசி மருந்துகளில் துகளே இருக்கக் கூடாது என்று எந்தத் தரநூலும் சொல்வதில்லை, சொல்லவும் முடியாது. அமெரிக்க மருந்துத் தரநூலின்படி 100 மில்லி வரையுள்ள ஒரு குப்பியில் 10 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ள துகள்கள் 6,000 வரையும், 25 மைக்ரானும் அதற்கு மேலும் உள்ளவை 600 வரையும் இருந்தால் தேறிவிடும். இது தொழிற்சாலையிலிருந்து வரும் குப்பிக்கான கணக்கு. நாம் உடைக்கும்போது விழுவது தனி.

அப்படியானால் முதுகு ஊசிக்கு மட்டும் ஏன் இவ்வளவு கவலை?

இரத்தத்தில் போகும் துகள் பெரும்பாலும் நுரையீரலின் நுண்குழாய்களில் சிக்கிக்கொள்ளும். அது நல்லது என்று சொல்லவில்லை. ஆனாலும் ஒரு வடிகட்டி மாதிரி ஏதோ ஒன்று இருக்கிறது. ஸ்பைனலில் அப்படி எதுவும் இல்லை. மூளையையும் தண்டுவடத்தையும் சுற்றியிருக்கும் நீர், பெரியவர்களுக்கு மொத்தமே சுமார் 150 மில்லிதான். இரண்டு டம்ளர் காபி கூட வராது. அந்த நீரில் நரம்பு வேர்கள் மிதந்துகொண்டிருக்கின்றன. அங்கேதான் நாம் இரண்டு மூன்று மில்லி மருந்தைச் செலுத்துகிறோம். அந்த நீர் ஒரு நாளைக்குச் சுமார் 500 மில்லி சுரந்து இரத்தத்தில் கலந்துவிடும். ஆனால் அதோடு சேர்ந்து கண்ணாடித் துண்டு கரைந்து போய்விடாது. உடம்புக்கு அது அந்நியப் பொருள். அப்படி ஒன்று உள்ளே தங்கினால் சுற்றிலும் அணுக்கள் திரண்டு சின்ன முடிச்சு போட்டுக்கொள்வது உடம்பின் இயல்பு.

இங்கே ஒன்றை நேர்மையாகச் சொல்லிவிட வேண்டும். உலகம் முழுக்கக் கோடிக்கணக்கானவர்கள் இந்த ஊசியைப் போட்டுக்கொண்டு மறுநாளே நடந்து போயிருக்கிறார்கள். "கண்ணாடித் தூள் போனதால்தான் இவருக்கு இப்படி ஆயிற்று" என்று ஒரு நோயாளியைக் காட்டி நிரூபிப்பது மிகக் கடினம். அதனால் யாரும் இதைப் படித்துவிட்டு ஸ்பைனல் வேண்டாம் என்று முடிவு கட்ட வேண்டாம். சிசேரியனுக்குப் பெரும்பாலும் அதுதான் பாதுகாப்பான வழி. நான் சொல்ல வருவது வேறு. நிரூபிக்க முடியாத ஆபத்து என்பதாலேயே அதைத் தடுக்கும் வேலை சோம்பலில் விட்டுப்போகிறது. அப்படி விட்டுப்போனால் என்ன ஆகும் என்பதற்கு இரண்டு கதைகள் உண்டு. இரண்டும் நிஜம்.

முதல் கதை: செஸ்டர்ஃபீல்ட், 1947

இங்கிலாந்தில் செஸ்டர்ஃபீல்ட் என்று ஓர் ஊர். 1947 அக்டோபர் 13. அந்த ஊர் மருத்துவமனையில் ஒரே நாளில் ஆல்பர்ட் உல்லி, செசில் ரோ என்ற இரண்டு பேருக்கு ஆப்பரேஷன். இரண்டுமே சாதாரணமானவை. ஒருவருக்கு விரைவீக்கம், மற்றவருக்கு முழங்கால் ஜவ்வு. இருவருக்கும் முதுகில் மரத்துப்போகும் ஊசி போட்டார்கள். இருவருக்கும் இடுப்புக்குக் கீழே நிரந்தரமாகச் செயலிழந்துவிட்டது.

அந்தக் காலத்தில் ஆம்பூலின் வெளிப்புறத்தைச் சுத்தமாக வைக்க அதை ஃபீனால் என்ற கிருமிநாசினியில் ஊறப் போட்டு வைப்பார்கள். கண்ணாடியில் கண்ணுக்குத் தெரியாத கீறல் விழுந்து, அது வழியாக ஃபீனால் உள்ளே கசிந்து மருந்தில் கலந்துவிட்டது என்பதுதான் நீதிமன்றத்தில் ஏற்கப்பட்ட விளக்கம். வழக்கு 1954இல் மேல்முறையீட்டு நீதிமன்றம் வரை போய்த் தோற்றது. 1947இல் இப்படி ஓர் ஆபத்து இருப்பது பொதுவாக யாருக்கும் தெரியாது, பின்னால் கிடைத்த அறிவை வைத்து முன்னால் நடந்ததைக் குற்றம் சொல்லக் கூடாது என்பது தீர்ப்பின் சாரம். டென்னிங் என்ற நீதிபதி அதில் ஒன்று சொல்லியிருக்கிறார். கீறல் இப்படிக் கண்ணுக்குத் தெரியாமல் இருக்கும் என்று முன்பே தெரிந்திருந்தால், ஃபீனாலில் அடர்ந்த நீலச் சாயம் கலந்திருப்பார்கள், கசிவு உடனே காட்டிக்கொடுத்திருக்கும் என்கிறார்.

கதை அதோடு முடியவில்லை. 1990இல் ஹட்டர் என்ற மயக்கவியல் மருத்துவர் இந்த வழக்கை மறுபடி ஆராய்ந்தார். ஃபீனால் கசிவு காரணமாக இருக்காது என்றார். ஊசியையும் சிரிஞ்சையும் கொதிக்க வைக்கும் பாத்திரத்தில் படிந்த உப்பை நீக்க அமிலம் ஊற்றுவார்கள். அதைச் சரியாகக் கழுவாமல் விட்டதால் அமிலம் ஊசியோடு முதுகுக்குள் போயிருக்கலாம் என்பது அவருடைய விளக்கம். இன்று பலரும் இதைத்தான் நம்பத்தகுந்தது என்கிறார்கள்.

ஃபீனாலோ அமிலமோ, எது உண்மையாக இருந்தாலும் ஒன்று பொது. டாக்டர் கையில் எடுத்த ஆம்பூல் பார்க்கச் சுத்தமாக இருந்தது. சிரிஞ்சும் சுத்தமாக இருந்தது. இந்த ஒரு சம்பவத்துக்குப் பிறகு பிரிட்டனில் பல வருடங்களுக்கு ஸ்பைனல் என்றாலே ஒதுங்கினார்கள். நல்ல வைத்தியமுறை ஒன்று, அதைச் சுற்றியிருந்த பாத்திரம் பண்டங்களால் கெட்ட பெயர் வாங்கிக்கொண்டது.

இரண்டாவது கதை: மாசசூசெட்ஸ், 2012

முதல் கதை கண்ணுக்குத் தெரியாததைப் பற்றியது. இது கண்ணுக்குத் தெரிந்ததைப் பற்றியது. அமெரிக்காவின் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் நியூ இங்கிலாந்து காம்பவுண்டிங் சென்டர் என்ற மருந்து தயாரிக்கும் இடம். முதுகு வலிக்காக முதுகுத்தண்டுப் பக்கத்தில் போடும் ஸ்டீராய்டு ஊசி மருந்தைத் தயாரித்துப் பல மாநிலங்களுக்கு அனுப்பியது. அந்த மருந்தில் பூஞ்சை கலந்திருந்தது. சுமார் 14,000 பேருக்கு அந்த ஊசி போடப்பட்டுவிட்டது. 2013 அக்டோபர் வரை அமெரிக்க நோய்க்கட்டுப்பாட்டு மையம் எடுத்த கணக்கில் 20 மாநிலங்களில் 753 பேருக்கு நோய், 64 பேர் இறப்பு. முதுகு வலிக்கு ஊசி போட்டுக்கொள்ளப் போனவர்கள் மூளைக்காய்ச்சலில் இறந்தார்கள்.

அதிகாரிகள் போய்ச் சோதித்தபோது, அந்த இடத்தில் இருந்த குப்பிகள் சிலவற்றில் பச்சையும் கறுப்புமாக ஏதோ மிதந்துகொண்டிருந்தது. நுண்நோக்கி தேவைப்படவில்லை. வெறும் கண்ணால் பார்த்தாலே தெரிந்தது. இந்த மருந்து பால் போல வெள்ளையாகக் கலங்கி இருக்கும், தெளிந்த மருந்தைப் போல அதில் துகளை எளிதாகக் கண்டுபிடிக்க முடியாது என்பது உண்மைதான். அதற்காகப் பார்க்காமலே இருந்துவிட முடியுமா?

இந்த இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் எனக்குக் கிடைப்பது ஒரே பாடம். பார்த்தே ஆக வேண்டும், ஆனால் பார்த்ததை மட்டும் நம்பக் கூடாது. கண் எங்கே முடிகிறதோ அங்கிருந்து பழக்கம் வேலை செய்ய வேண்டும்.

அப்படி என்ன பழக்கம்?

ஒன்றும் ராக்கெட் விஞ்ஞானம் இல்லை. சமையலறைச் சுத்தம் மாதிரிதான்.

ஆம்பூலை எடுத்ததும் வெளிச்சத்தில் பார்ப்பது. கீறல், நிறமாற்றம், மிதப்பது எதுவும் இருந்தால் அப்படியே ஓரமாக வைத்துவிடுவது. கழுத்தை ஸ்பிரிட் பஞ்சால் துடைத்து, காயவிடுவது. பிறகு காஸ் துணியைச் சுற்றிப் பிடித்து உடைப்பது. இப்போது வரும் பல ஆம்பூல்களில் கழுத்தில் ஒரு வண்ணப் புள்ளி இருக்கும். அது அழகுக்கு இல்லை. எந்தப் பக்கம் கண்ணாடி ஏற்கெனவே கீறப்பட்டிருக்கிறது என்பதன் அடையாளம். புள்ளி நம்மைப் பார்த்திருக்க, அதன் மேல் கட்டைவிரலை வைத்துப் பின்பக்கமாக அழுத்தினால் 'டக்'கென்று ஒரே வெட்டாக விட்டுவிடும். இதை விட்டுவிட்டுக் கையில் கிடைத்த இரும்பால் கழுத்தில் ஒரு தட்டுத் தட்டி உடைப்பதையும் சில இடங்களில் பார்த்திருக்கிறேன். வேகம்தான், மறுக்கவில்லை. ஆனால் கழுத்து நொறுங்குகிறது. நொறுங்கினால் தூள் அதிகம்.

உடைத்த உடனே சிரிஞ்சை விடாமல் சில விநாடி நிற்க விடுவது. கண்ணாடி மருந்தைவிடக் கனம், பெரிய துண்டுகள் அடியில் தங்கும். ஊசி முனையை அடியில் தேய்க்காமல், கடைசிச் சொட்டு வரை உறிஞ்சாமல் நிறுத்திக்கொள்வது. ஸ்பைனல் ஆம்பூலில் 4 மில்லி இருக்கும், தேவை அதைவிடக் குறைவுதான், கஞ்சத்தனம் தேவையில்லை.

இதில் முக்கியமானது ஃபில்டர் ஊசி. உள்ளே 5 மைக்ரான் சல்லடை வைத்த ஊசி. மருந்தை அதால் உறிஞ்சி, பிறகு அதைக் கழற்றிப் போட்டுவிட வேண்டும். கழற்றாமல் அதன் வழியாகவே மருந்தைத் திருப்பித் தள்ளினால், சல்லடை பிடித்து வைத்ததை நாமே உள்ளே அனுப்பிய மாதிரி ஆகிவிடும். பால் போன்ற ஸ்டீராய்டு மருந்துகளுக்கு இது ஆகாது, மருந்தின் துகளே சல்லடையில் நின்றுவிடும். தெளிந்த மருந்துக்கு இதைவிட நல்ல காவல் இல்லை. இது எல்லா டிரேயிலும் இருப்பதில்லை என்பதும் தெரியும். இல்லாத இடத்தில் 18 கேஜுக்குப் பதில் மெல்லிய ஊசியால் பொறுமையாக உறிஞ்சினால் பெரிய துண்டுகளாவது வராது.

கண்ணாடியோடு முடிந்துவிடவில்லை. பழைய கையுறைகளில் வழுக்குவதற்காக மாவு தூவியிருப்பார்கள். அந்த மாவும் உடம்புக்குள் போனால் முடிச்சு உண்டாக்கும். இந்த மாதிரிக் காரணங்களுக்காகவே மாவு போட்ட கையுறைகளை அமெரிக்கா 2017 ஜனவரியிலிருந்து தடை செய்துவிட்டது. பஞ்சு நூல் இன்னொன்று. ஊசியைப் பஞ்சு மேல் வைத்தால் இழை ஒட்டிக்கொள்ளும். முதுகில் தடவும் கிருமிநாசினி நரம்புக்கு ஆகாது. அது நன்றாகக் காய்ந்த பிறகே ஊசி, அந்தக் கிண்ணமும் மருந்து டிரே பக்கமே வரக் கூடாது. 2010இல் ஆஸ்திரேலியாவின் சிட்னியில் ஒரு பிரசவத்தின்போது உப்புநீருக்குப் பதில் கிருமிநாசினியை முதுகில் செலுத்திவிட்டார்கள். இரண்டும் திறந்த கிண்ணங்களில் பக்கத்தில் பக்கத்தில் இருந்ததுதான் வினை. அந்தத் தாய்க்கு நரம்புகள் மோசமாகப் பாதிக்கப்பட்டன.

ஸ்பைனல் ஊசிக்குள் ஒரு மெல்லிய கம்பி இருக்குமே, ஸ்டைலெட், அதற்கும் இதில் பங்கு உண்டு. கம்பி இல்லாத வெற்று ஊசி தோலைத் துளைத்தால், கொய்யாப்பழத்தில் குழாயைக் குத்தி எடுத்த மாதிரி, தோலின் சிறு துணுக்கு உள்ளே மாட்டிக்கொள்ளும். அது தண்டுவட நீருக்குள் போய், அங்கேயே உயிரோடு வளர்ந்து, பல வருடம் கழித்துக் கட்டியாகத் தெரியவந்த சம்பவங்கள் மருத்துவ ஏடுகளில் பதிவாகியிருக்கின்றன. நம் தோலே நமக்கு அந்நியப் பொருளாகிவிடுகிறது பாருங்கள்.

எல்லாம் சேர்த்தால் கூடுதலாக எவ்வளவு நேரம் ஆகும்? நான் கடிகாரம் வைத்துப் பார்த்தேன். ஒரு நிமிடத்துக்கும் கொஞ்சம் அதிகம். வரிசையாக ஆறு கேஸ் காத்திருக்கும் காலை நேரத்தில் அந்த ஒரு நிமிடம் பெரிசாகத்தான் தெரியும். "சீக்கிரம்பா" என்று குரல் வரும். விட்டுவிட்டாலும் அன்றைக்கு ஒன்றும் ஆகாது, நோயாளி நன்றாகவே வீட்டுக்குப் போவார். இதில்தான் சிக்கலே இருக்கிறது. தவறாகச் செய்தாலும் சரியாகச் செய்தாலும் சாயங்காலம் ஒரே மாதிரி தெரிகிற வேலை இது. பாராட்ட ஆள் கிடையாது, கண்டுபிடிக்கவும் ஆள் கிடையாது. நோயாளி முதுகைக் காட்டிக்கொண்டு குனிந்து உட்கார்ந்திருக்கிறார். பின்னால் நடப்பது எதுவும் அவருக்குத் தெரியாது.

அதனால்தான் இதை விதியாக எழுதி வைத்தால் மட்டும் போதாது என்று எனக்குத் தோன்றுகிறது. ஃபில்டர் ஊசியை ஸ்பைனல் டிரேயிலேயே சேர்த்து வைத்துவிட்டால், கேட்டு வாங்க வேண்டிய சங்கடம் இருக்காது. கையில் இருப்பதைத்தான் கை பயன்படுத்தும். டென்னிங் சொன்ன நீலச் சாயமும் இதே யோசனைதான். மனிதனின் கவனத்தை மட்டும் நம்பாமல், பொருளே நம்மைத் தடுக்கிற மாதிரி செய்துவிடுவது. எங்கள் வகுப்பில் நாலு பேர் சேர்ந்து இதை ஒரு தாளில் எழுதி எங்கள் துறையில் கொடுத்திருக்கிறோம். நடக்குமா என்று பார்ப்போம்.

இந்தப் படிப்பில் சேரும்போது, "டாக்டருக்கு எடுத்துக் கொடுக்கற வேலைதானே" என்று சொந்தக்காரர்கள் சிலர் கேட்டார்கள். ஆமாம், எடுத்துக் கொடுக்கிற வேலைதான். எதை எடுத்துக் கொடுக்கிறோம், அதில் கூடவே என்ன ஒட்டிக்கொண்டு போகிறது என்று பார்ப்பதற்கு அங்கே கடைசியாக நிற்கிற ஆள் நாங்கள்தான்.